டேட் மாடர்னா, மோமாவா?

லண்டன் டேட் மாடர்ன், நியூயார்க் மோமா, ரெண்டும் நவீன கலை மியூசியம், ரெண்டுல ஒண்ணுதான் பாக்க முடியும்னா என் ஓட்டு டேட்டுக்குத்தான். முதல் காரணம் காசு, அங்க நிரந்தர கலெக்‌ஷன் பாக்க ஃப்ரீ, ஸ்பெஷல் ஷோவுக்கு மட்டும்தான் டிக்கெட், மோமால பெரியவங்களுக்கு 30 டாலர், வெள்ளி சாயங்காலம் ஃப்ரீ உண்டு ஆனா அது நியூயார்க் மாநிலத்துக்காரங்களுக்கு மட்டும்.

அதவிட பெரிய காரணம் டேட்டுக்குள்ள இருக்கற டர்பைன் ஹால்ங்கற பிரம்மாண்டமான கூடம். அந்தக் கட்டிடமே பழைய பவர் ஸ்டேஷன்ங்க, 2000ல மியூசியமா திறந்தாங்க. 2007ல கொலம்பியா நாட்டுக் கலைஞர் டோரிஸ் சால்செடோ அந்தத் தரையில 167 மீட்டருக்கு ஒரு விரிசல் போட்டாங்க, புலம்பெயர்ந்தவங்களுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவுல இருக்கற பிளவக் காட்டற கலைப்படைப்பு அது, ஷோ முடிஞ்சு பூசி அடைச்ச பிறகும் தழும்பு தெரியும், குனிஞ்சு பாருங்க. 2010ல சீனக் கலைஞர் அய் வெய்வெய் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைய கொட்டினாரு, ஒவ்வொண்ணும் கையால பெயிண்ட் பண்ணது, முதல்ல மேல நடக்க விட்டாங்க, தூசி கிளம்புதுன்னு சீக்கிரமே நிறுத்திட்டாங்க.

ஓவியம்னு வந்தா மோமாவ அடிச்சிக்க முடியாது, அத ஒத்துக்கணும். 2019ல விரிவுபடுத்தி திறந்தப்ப பிக்காசோவோட அவிஞோன் பெண்கள் ஓவியம் இருக்கற ரூம்லயே அமெரிக்க கறுப்பினக் கலைஞர் ஃபெயித் ரிங்கோல்டோட 1967 இனக்கலவர ஓவியத்தயும் மாட்டினாங்க, ரொம்ப சரியான முடிவு அது.

மோமாதான் போறீங்கன்னா திறந்ததும் நேரா 5வது ஃப்ளோர் போயிடுங்க, அங்க இருக்கற வான்கோவோட நட்சத்திர இரவு ஓவியம் ஒரு மீட்டர் அகலம்கூட இல்ல, முன்னாடி ஃபோனோட கூட்டம் சேந்துட்டா ஒண்ணும் தெரியாது.