ஆக்சலாட்டல் வாங்க நினைப்பவர்கள் கவனத்திற்கு: 18,500 ரூபாயும் போனது, ஓர் உயிரும் போனது

வீட்டில் வளர்க்கும் ஆக்சலாட்டல் (தவளையைப்போல் நீர்நில வாழ்வி இனம், ஆனால் தண்ணீரிலேயே வாழ்வது) அவதிப்படுகிறது என்பதை எந்த அறிகுறிகளால் கண்டுகொள்வது, கண்டவுடன் என்ன செய்வது என்று தமிழில் தேடியபோது எனக்கு உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே நான் அறிந்துகொண்டதை வரிசையாக எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் ஒவ்வோர் அறிகுறியையும் எழுத முனையும்போது, அதைப் பற்றிக் கேட்டதற்குச் சென்னையில் உள்ள ஒரு வண்ணமீன் கடைக்காரர் எனக்குச் சொன்ன பொய்யும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. 18,500 ரூபாய் கொடுத்து வாங்கிவந்த இரண்டில் ஒன்று இந்த வாரம் இறந்துவிட்டது. கடைக்காரர் இப்போது என் எண்ணைத் தடை செய்திருக்கிறார்.

மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021-இல் ஆக்சலாட்டல் சேர்க்கப்பட்டதிலிருந்து அதைக் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. நான் போனது ரீல்ஸ் போட்டு ஆள் சேர்க்கும் கடை. அங்கே நான் கேட்ட முதல் கேள்வியே தண்ணீரின் வெப்பத்தைப் பற்றியதுதான், ஏனென்றால் இது குளிர்ந்த நீரில் வாழும் உயிரினம் என்பதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். கடைக்காரர் சிறிதும் தயங்கவில்லை. “மேடம், அதெல்லாம் வெளிநாட்டுக் குட்டிக்குத்தான். இது நம்ம ஊர்லயே பொரிச்ச குட்டி, நம்ம தண்ணிக்குப் பழகிடுச்சு. ஒரு ஃபேன் போதும்” என்றார். சொல்லிக்கொண்டே இடுக்கியில் ஒரு மண்புழுவை எடுத்துத் தொட்டிக்குள் நீட்டினார். வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்த அந்தக் குட்டி ஒரே நொடியில் அதை வாய்க்குள் இழுத்துக்கொண்டது. செவுள்கள் ஆறும் இறகுபோல் பின்னோக்கி விரிந்து, நல்ல சிவப்பாக இருந்தன. என் மகள் கைதட்டினாள். தொட்டியின் வெளிக்கண்ணாடி வியர்த்திருப்பதைப் பார்த்து, இந்தத் தண்ணீர் மட்டும் ஏன் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்றும் கேட்டேன். காலையில் தண்ணீர் மாற்றியபோது தெறித்தது என்றார். குட்டியின் உடல்நிலையையும் சாப்பாட்டையும் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு, அந்தப் பதிலை நம்பினேன்.

இரண்டு குட்டிகளுக்கு 7,000. தொட்டி, ஸ்டாண்டு, வடிகட்டி, மின்விசிறி, தரையில் பரப்பச் சிறு கூழாங்கல் எல்லாம் சேர்த்து 10,600. “இதை ஊத்தினா அன்னைக்கே தொட்டி ரெடி” என்று கொடுத்த பாக்டீரியா பாட்டிலுக்கு 900. ஆக மொத்தம் 18,500 ரூபாய். இதற்குக் கிடைத்த ரசீது, கடையின் பெயர்கூட அச்சிடப்படாத ஒரு துண்டுச்சீட்டு.

அவர் சொன்னதில் ஒன்றுகூட உண்மையில்லை. ஆக்சலாட்டலின் பூர்வீகம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ நீர்நிலைகள். அங்கே தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். அங்கிருந்து 1864-இல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டது முதல் ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக இதை வளர்த்துவருகிறார்கள். அப்படியிருந்தும் இன்றைக்கும் இதற்கு ஏற்ற வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான். 20-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், 24-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நூற்றைம்பது ஆண்டுகளில் மாறாத உடல், சென்னையில் பொரித்த ஒரே காரணத்துக்காக மாறிவிடாது. மின்விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கும் என்பதால், நம் கடலோரப் புழுக்கத்தில் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் தொட்டியின் வெப்பமானி 29-க்குக் கீழே இறங்கவே இல்லை.

முதலில் தெரிந்த அறிகுறி, சாப்பிட மறுத்தது. கடையில் பாய்ந்து உண்ட அதே குட்டி, புழு மூக்கில் இடித்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. புது இடம், ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும் என்று கடையிலிருந்து பதில் வந்தது. அடுத்து, பின்னோக்கி இருந்த செவுள்கள் முகத்தை நோக்கி முன்பக்கம் வளைந்தே நின்றன. வால்நுனி கொக்கிபோல் சுருண்டது. இவை இரண்டும் ஆக்சலாட்டல் அவதியில் இருக்கிறது என்பதற்கான தெளிவான அடையாளங்கள். தண்ணீரின் வேகம் அதிகமாக இருந்தாலும் செவுள் இப்படி வளையும் என்பதால், கடைக்காரர் கொடுத்த வடிகட்டி வேகமாகத் தண்ணீரைத் தள்ளுகிறதா என்று படம்பிடித்து அனுப்பிக் கேட்டேன். “சூப்பரா இருக்கு மேடம்” என்று கட்டைவிரல் படத்தோடு பதில் வந்தது. பிறகு அவை தொட்டிக்குள் மேலும் கீழுமாக வெறிபிடித்ததுபோல் நீந்தின, கண்ணாடியில் மோதின, ஓயாமல் மேலே வந்து காற்றை விழுங்கின. எப்போதாவது ஒருமுறை மேலே வந்து காற்றெடுப்பது இதற்கு இயல்பு. ஓயாமல் வருவது, சூடான நீரில் ஆக்சிஜன் போதவில்லை என்பதற்கோ நீர் கெட்டுவிட்டது என்பதற்கோ அறிகுறி. அந்தக் காணொளியை அனுப்பியதற்கு, அது விளையாடுகிறது என்றார்கள். மூச்சுக்குத் தவிக்கும் ஓர் உயிரை விளையாடுகிறது என்று சொல்ல ஒரு மனிதருக்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

செவுளில் பஞ்சுபோல் வெண்மையாகப் பூஞ்சை பிடித்தபோது, கடையிலிருந்து மலாகைட் கிரீன் கலந்த மீன் மருந்து ஒன்றைத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதை ஊற்றுவதற்கு முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் ஓடியது நல்லதாயிற்று. இது மீன் அல்ல, தோல் வழியாகவே எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் நீர்நில வாழ்வி, இதற்கு அந்த மருந்து நஞ்சு என்றார் அவர். அம்மோனியா சோதனைக் குப்பி வாங்கிப் பார்க்கச் சொன்னார். சுழியமாக இருக்க வேண்டிய அளவு, குப்பியின் நீர் அடர்பச்சையாக மாறும் அளவுக்கு ஏறியிருந்தது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஒரு புதிய வடிகட்டியில் போதிய அளவு பெருகுவதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதையும், நீர் சூடாக இருக்க இருக்க அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும் என்பதையும் அன்றுதான் விளக்கமாகக் கேட்டேன். ‘அன்னைக்கே ரெடி’ என்ற 900 ரூபாய் பாட்டிலின் மதிப்பு எனக்கு அப்போது புரிந்தது. இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளுக்கு மாற்றினோம். இளஞ்சிவப்புக் குட்டி பிழைக்கவில்லை. மற்றொன்று குளிரூட்டிய அறையில், தினமும் முழுத் தண்ணீரும் மாற்றப்பட்டு, இப்போதுதான் புழுவைத் திரும்பிப் பார்க்கிறது.

இதற்குப் பிறகு நேரில் போனேன். ஓனர் ஊரில் இல்லை என்று பையன் ஒருவன் சொன்னான். ஓனரின் வண்டி வாசலிலேயே நின்றது. காத்திருந்த நேரத்தில் அந்தக் காட்சித் தொட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தடித்த இரண்டு குழாய்கள் சுவரோரமாக இறங்கி, அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு சில்லருக்குள் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) போயின. கண்ணாடி வியர்த்ததன் காரணம் அதுதான்: ஈரப்பதம் மிகுந்த காற்று, குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் நீராகப் படியும். தன் தொட்டிக்குச் சில்லர் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சில்லரின் விலையைச் சொன்னால் குட்டியை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்கிறது. அறியாமையால் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கியதும் ஓனர் ஊரிலிருந்து வந்துவிட்டார். “உயிருள்ள பொருளுக்கு யாரும் கேரண்டி தரமாட்டாங்க, நீங்க சரியாப் பார்த்துக்கல” என்றார். 18,500 ரூபாயில் தொட்டிச் சாமான்களையாவது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, பயன்படுத்தியதை எடுக்கமாட்டோம் என்றார். கடையின் சமூக ஊடகப் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். எழுதிய சற்று நேரத்தில் அது நீக்கப்பட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச்சீட்டும் பணம் அனுப்பிய விவரமும் வாட்ஸ்ஆப் உரையாடலும் என்னிடம் பத்திரமாக உள்ளன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. 18,500 ரூபாய்க்காக அங்கே போகவும் தயங்கமாட்டேன். இன்னொன்றையும் அந்தக் கடை மறைத்தது. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலாட்டல் உள்ளது என்பதால், 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் 2024-இன் விதிகளின்படியும் அதை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். எங்கிருந்து வந்த குட்டி என்பதற்கான தாளைக் கேட்டதற்கு, “அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க” என்றுதான் பதில் வந்தது.

விரிவாக எழுத நினைத்த ஆலோசனைக்கு இப்போது பொறுமையில்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன். சில்லருக்கு வழியில்லாவிட்டால் சென்னை போன்ற ஊரில் இதை வாங்காதீர்கள். தொட்டியை முதலில் தயார்செய்து, அம்மோனியாவும், அதைப் பாக்டீரியா மாற்றும்போது உண்டாகும் நைட்ரைட்டும் சுழியம் என்று சோதித்த பிறகே குட்டியைக் கொண்டுவாருங்கள். தரையில் கூழாங்கல் போடாதீர்கள். இரையோடு விழுங்கிக் குடல் அடைத்துவிடும். செவுள் முன்வளைவு, வால் சுருளல், உண்ணாமை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கடைக்குச் செய்தி அனுப்பிக் காத்திராமல் உடனே வெப்பத்தையும் அம்மோனியாவையும் பாருங்கள். நீர் கெட்டிருந்தால், குளோரின் நீக்கிய குளிர்ந்த நீருள்ள பெட்டிக்குக் குட்டியை மாற்றி, அந்த நீரை நாள்தோறும் முழுவதும் மாற்றுங்கள். பனிக்கட்டியை நேராகக் கொட்டாதீர்கள். வெப்பம் படிப்படியாக இறங்க வேண்டும், திடீர் மாற்றமும் அதைக் கொல்லும். மீன் மருந்து எதையும் மருத்துவரைக் கேட்காமல் ஊற்றாதீர்கள். கடையின் பெயர் அச்சிட்ட ரசீதும் குட்டியின் மூலத்துக்கான தாளும் கையில் வரும்வரை பணம் அனுப்பாதீர்கள். இதே முறையில் யாராவது ஏமாந்திருந்தால், கடையோடு நடந்த உரையாடலை அழித்துவிடாமல் 1915-இல் நீங்களும் புகார் பதியுங்கள்.