ஆயிரம் டொலர் பைனாகுலர்: மலைநாட்டில் சில வருடப் பாவனைக்குப் பிறகு

நடுத்தர விலையில் நம்பிக்கையான சாமான் செய்கிறவர்கள் என்று பெயரெடுத்த ஒரு கம்பனி ஆயிரம் டொலருக்குப் பைனாகுலர் விற்க வந்தால், கையில் எடுக்கும் முன்பே சந்தேகம் வந்துவிடும். அந்தக் காசுக்கு ஐரோப்பியப் பெயர் ஒன்றையே வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், 2021 அளவில் சைஸ் (Zeiss) கொன்குவெஸ்ட் எச்டி கிட்டத்தட்ட அந்த விலைதான். ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் பலரும் மனதில் வைத்திருப்பது சுவரோவ்ஸ்கி என்எல் பியூர் மாதிரியானதை. அது மூவாயிரம் டொலர்ச் சங்கதி. நிக்கோன் மொனார்க் எச்ஜி நிற்கும் அதே படியில் நிற்கிற, வேறொரு கம்பனியின் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மில்லிமீற்றர்) ஒன்றை 2021 கடைசியிலிருந்து பாவிக்கிறேன். பெயரை எழுதவில்லை. எழுதினால் பேச்சு பிராண்ட் சண்டையாகிவிடும், அதோடு கீழே குறைகளும் சொல்லப் போகிறேன்.

ஹற்றன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். விடுமுறை நாட்களில், பறவை பார்க்க வருகிறவர்களை நண்பரின் வானில் நுவரெலியா, ஹக்கல, ஹோர்ட்டன் சமவெளி என்று கூட்டிக்கொண்டு போவேன். புதியதை வாங்கும் முன் என்னிடம் இருந்தது அதே கம்பனியின் பாதி விலை மாடல். அதுவும் 8×42 தான், இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஆகவே என் ஒப்பீடு இந்த இரண்டுக்கும் இடையில்.

நல்ல வெயிலில் கிரகரி வாவிக் கரையில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். புதியது விளிம்புவரை கூர்மையாக இருக்கிறது, பார்வைப் பரப்பு கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். அந்த அகலமும் தாளில் பார்த்தால் 1000 மீற்றர் தூரத்தில் 140 சொச்சம் மீற்றர். பழையதில் அதைவிடச் சற்றுக் குறைவு. இதற்கா இரட்டிப்புக் காசு என்று அந்த இடத்தில் யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பதில் மூடுபனியில் இருக்கிறது. நம் பக்கத்தில் பாதி நாள் வானம் நீலமாக இருப்பதில்லை, வெள்ளைத் துணி கட்டியதுபோல இருக்கும். பறவை மரத்து உச்சியில், நாம் சரிவில் கீழே. கறுத்த கிளைக்குப் பின்னால் அத்தனை வெளிச்சம். சாதாரண லென்ஸில் இந்த நிலையில் இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று, கிளையின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக ஒரு கோடு. வெவ்வேறு நிற ஒளி லென்ஸில் வெவ்வேறு அளவு வளைவதால் வருவது இது. நிறப்பிரிகை குறைந்த ஈடி கண்ணாடி இதைக் குறைக்கத்தான் இருக்கிறது. மற்றது, வெளி வெளிச்சம் குழாய்க்குள் சிதறிப் படத்தின் மேல் பால் ஊற்றியதுபோலப் படர்வது. இதை அடக்குவது குழாயின் உட்பக்கக் கறுப்புப் பூச்சும் தடுப்பு வளையங்களும். பெட்டியின் மேல் யாரும் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். ஆனால் காசு கரைகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

உதாரணத்துக்கு வெள்ளைக்கண்ணி. இலங்கைக்கே உரியது ஒன்று, இந்தியாவிலும் இருப்பது ஒன்று, இரண்டும் மலையில் வரும். முந்தியதன் முதுகு கரும்பச்சை, மற்றது மஞ்சள் கலந்த பச்சை. ஹக்கலத் தாவரவியல் பூங்காவுக்கு மேலே காட்டோரத்தில் வெள்ளை வானத்தின் முன் இரண்டும் கறுப்புப் பொட்டுகள்தான். பழைய பைனாகுலரில் குரலை வைத்தும் பருமனை வைத்தும் ஊகிப்பேன். புதியதில் பெரும்பாலும் நிறமே தெரிகிறது. அதேபோல் விக்டோரியா பூங்காவில் குளிர்காலத்துக்கு வந்து நிற்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான். ஆணுக்குச் செம்மஞ்சள் தொண்டையின் இரு பக்கமும் ஒரு கறுப்பு ஓரம் உண்டு. பல ஆயிரம் மைல் தாண்டி வந்த பயணிக்குப் பார்க்க வேண்டியது அந்த ஓரம்தான். நிழலுக்குள் அது பிரிந்து தெரிவது ஒரு சுகம்.

வெளிச்சம் கூட என்று விளம்பரத்தில் சொல்வதைத்தான் நான் அதிகம் நம்புவதில்லை. இந்த நேர்க்குழாய் மாடல்களில் பெரும்பாலானவற்றில், உள்ளே அரியத்தின் (ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) ஒரு முகத்துக்கு, முகம் பார்க்கும் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும் பூச்சு வேண்டும். அலுமினியம் பூசினால் ஒளியில் பத்தில் ஒரு பங்களவு போய்விடும். விலை கூடிய மாடல்களில் வரும் டைஇலெக்ட்ரிக் பூச்சு 99 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்தமாக 85 வீதம் வருவதற்கும் 90 வீதம் வருவதற்கும் இடையிலான வித்தியாசத்தைக் கண் கண்டுபிடிப்பது மிக அரிது. பொழுது சாயும்போது உதவுவது பெரும்பாலும் 42 என்ற எண்தான். 42 ஐ 8 ஆல் பிரித்தால் 5.25 மில்லிமீற்றர், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது. பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் திறக்கும், மங்கலில் விரியும். ஐம்பதை நெருங்கும் என் கண்ணுக்கு 5.25 தாராளம். பாதி விலை மாடலிலும் அதே 5.25 தான்.

இருந்தாலும் அரெங்காக் குளத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் பாதையில் இருக்கும் அந்தச் சிறு குளம், இலங்கைக்கே உரிய அரெங்கா பறவையால்தான் பேர் பெற்றது. விடியும் முன்னும் இருட்டும் நேரத்திலும் நீரோரத்து இருளுக்குள் வந்து போகும். ஆண் கருநீலம், தோளில் மட்டும் மினுங்கும் நீலம். இருட்டுக்குள் கறுப்பை அதற்குப் பின்னால் இருக்கும் கறுப்பிலிருந்து பிரிப்பது வெளிச்சத்தின் வேலை அல்ல, மங்கல் படியாத தெளிவின் வேலை. தோள் நீலத்தை என்னோடு வந்தவர்களுக்குக் காட்ட முடிந்தது புதியதை வாங்கிய பிறகுதான்.

மழைக்கு வருவோம். மே தொடங்கினால் தென்மேற்குப் பருவக்காற்று, ஹற்றன், மஸ்கெலியா பக்கம் துணியே காயாது. வாயு அடைத்து மூடிய பைனாகுலருக்கு உள்ளே நீராவி படியாது என்பது உண்மைதான், ஆனால் அதற்காக ஆயிரம் டொலர் வேண்டாம். பாதி விலையிலும் அது உண்டு. பூஞ்சணம் பிடித்து வலை விட்ட லென்ஸ்களை நம் ஊரில் பழைய பைனாகுலர்களிலும் கமராக்களிலும் எத்தனை பார்த்திருப்போம். மூடாத மாடலை மலைநாட்டில் வாங்குவது வீண், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும். புதியதில் வெளி லென்ஸில் நீர் ஒட்டாத பூச்சு இருக்கிறது. தூறலில் துளிகள் உருண்டு விழும், அடிக்கடி துடைக்கத் தேவையில்லை. துடைப்பது குறைந்தால் கீறலும் குறையும். மூச்சுக்காற்று பட்டுக் கண்பக்கம் புகைவது மட்டும் எந்த விலையிலும் நிற்காது. தை மாதக் குளிரில், ஹோர்ட்டனில் உறைபனி விழும் காலையில், குவியச் சக்கரம் இறுகிப் போகிறது. பழையதும் இறுகும், ஆனால் இவ்வளவு இல்லை.

குறை சொல்லத் தொடங்கிவிட்டேன், முடித்துவிடுகிறேன். மழைமூடி தொளதொள என்று இருக்கிறது, கொழுந்து மலைக்குள் நடந்தால் எங்கேயாவது கழன்று விழும். நூலால் கட்டி வைத்திருக்கிறேன். கண்குவளையில் ஒன்று இரண்டாம் வருடமே பிடிப்பு விட்டது, யாராவது வாங்கிக் கண்ணோடு அழுத்திப் பார்த்தால் உள்ளே அமுங்கிக்கொள்ளும். இறப்பர் உறை ஒரு மூலையில் பிசுபிசுக்கிறது. டீட் கலந்த பூச்சி மருந்து பூசிய கையால் பயணிகள் வாங்கிப் பார்ப்பதுதான் காரணம் என்று சந்தேகம். அந்த மருந்து பிளாஸ்டிக்கையும் செயற்கை இறப்பரையும் அரிக்கும். அட்டை கடிக்காமலிருக்க அதைவிடக் காலுறையில் உப்போ சவர்க்காரமோ தடவுவது எவ்வளவோ மேல்.

திருத்தலாம் என்று கேட்டால், விற்ற நாட்டில்தான் உத்தரவாதம் என்றார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மைத்துனர் கையோடு கொண்டுவந்தது. அனுப்பித் திருத்தி எடுக்கும் செலவை விசாரித்துவிட்டு, குவளைக்கு ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொண்டேன்.

காசுக் கணக்கு. நான் வாங்கும்போது டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, இரண்டு லட்சம் போனது. 2022 மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கி 350 ஐயும் தாண்டியது, பிறகு 300 பக்கம் வந்து நின்றது. ஆக அதே சாமான் இன்று மூன்று லட்சம். 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்தது. அந்தக் கணக்கில் இருநூறு நாளுக்கு மேல் கொழுந்து பறித்த கூலி என் கழுத்தில் தொங்குகிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் "அண்ணே, இது எவ்வளவு?" என்று கேட்டால் "பழசு தம்பி, ஒருத்தர் கொடுத்தது" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.

இரண்டு லட்சத்துக்கு நியாயம் என்பேன், காரணம் அதை வைத்து நான் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். நாள் முழுக்கப் பார்த்தாலும் கண் வலிப்பதில்லை, பயணி திருப்தியாகப் போகிறார். மூன்று லட்சத்துக்கு, பொழுதுபோக்காக மட்டும் பார்க்கிறவருக்கு, இல்லை. அதே கம்பனியின் பாதி விலை மாடலை வாங்கி, மீதியில் விடியற்காலை வான் கூலியும் ஹோர்ட்டன் நுழைவுச்சீட்டும் கொடுத்தால் அதிகம் பறவை பார்க்கலாம். என்னைப்போல வழிகாட்டப் போகும் இளைஞர்கள் கேட்டால், பாவித்த ஒன்றைத் தேடச் சொல்கிறேன். நடுத்தரப் பெயர்களில் ஒரு விசேஷம் உண்டு. திரும்ப விற்கப் போனால் எதிர்ப்பக்கம் மாடலைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கும். கொழும்பில் ஒருவர் என்னுடையதற்கு, பாதி விலை மாடலுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட்டிச் சொன்னார். விற்கிறவனுக்கு அது நட்டம், வாங்குகிறவனுக்கு லாபம்.

பாவித்ததை வாங்கப் போனால் வெயிலில் பார்க்காதீர்கள். மூடிய வானத்தின் முன் ஒரு காய்ந்த கிளையைப் பார்த்து ஓரத்தில் ஊதாக் கோடு வருகிறதா என்று கவனியுங்கள். பெரிய லென்ஸ் பக்கமாக டோர்ச் அடித்து உள்ளே பூஞ்சண வலை இருக்கிறதா பாருங்கள். பிறகு தூரத்துக் கம்பம் ஒன்றில் குவித்து ஐந்து நிமிடம் பிடித்திருங்கள். கண்ணுக்குப் பின்னால் இழுக்கிறமாதிரி இருந்தால் குழாய்கள் கோணலாகியிருக்கும், எங்கேயோ விழுந்த சாமான். விலை எவ்வளவு இறங்கினாலும் அதை வாங்க வேண்டாம், இங்கே அதைச் சரியாக நேராக்கித் தருகிறவர் யாரும் எனக்கு இன்னும் அகப்படவில்லை.