காஸை விட்டுக் கரண்டுக்கு மாறச் சொல்லி வருகிறார்கள்: ஒன்ராறியோ வீட்டுக்காரர் கவனிக்க

ஸ்காபரோவில் எங்கட சித்தி வீட்டில் 2024 கடைசியில் நடந்தது இது. "அன்ரி, அரசாங்கத் திட்டம், உங்கட காஸ் பில் பாதியாகும்" என்று ஒரு தமிழ்ப் பொடியன் போன் எடுத்தான். பிறகு வீட்டுக்கே வந்து ஒரு கணக்குத் தாளை நீட்டினான். வீட்டைச் சூடாக்க நன்றாக ஓடிக்கொண்டிருந்த காஸ் ஃபேர்னஸைக் கழற்றி, கரண்டில் ஓடி வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் பூட்டினார்கள். பத்து வருட வாடகை ஒப்பந்தம். ஜனவரி ஹைட்ரோ பில், அதாவது கரண்ட் பில், வந்த பிறகுதான் சித்தி என்னைக் கூப்பிட்டா.

அந்தத் தாளில் பொய் எண் ஒன்றுமில்லை, அதுதான் கெட்டித்தனம். காஸ் பக்கத்தில் டெலிவரி, மாதாந்த நிலையான கட்டணம், வரி எல்லாம் சேர்த்த மொத்தம். கரண்ட் பக்கத்தில் யூனிட்டுக்கு வெறும் 7.6 சதம். அது அப்போதைய இரவு, வார இறுதி விலை. அப்போது குளிர்காலத்தில் கிழமை நாளில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் 15.8 சதம். சனம் எழும்பி, வேலையால் வந்து வீட்டைச் சூடாக்குவதே அந்த நேரங்களில்தான். டெலிவரியும் வரியும் அதற்கு மேலே.

காஸின் நிலையான கட்டணம் மிச்சம் என்றும் போட்டிருந்தான். சுடுதண்ணி டாங்க் இன்னும் காஸில் ஓடுகிறது, அந்தக் கட்டணமும் மாதாமாதம் வருகிறது!

ஹீட் பம்ப் கூடாத சாமான் இல்லை. ஒரு கனமீற்றர் காஸ் நல்ல ஃபேர்னஸில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம் தரும். மிதமான குளிரில் ஹீட் பம்ப் அதே வெப்பத்தை மூன்று, நான்கு யூனிட் கரண்டில் தந்துவிடும். மைனஸ் 20இல் அது நடக்காது. துணைக்கு உள்ளே இருக்கும் மின்சூடாக்கி ஓடத் தொடங்கினால் அந்தப் பங்கில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஒரு யூனிட் கரண்டுக் காசு. தாளில் வருடம் முழுக்கக் கரண்டைப் போல மூன்று மடங்கு வெப்பம் வரும் என்றே கணக்கு. பழைய ஃபேர்னஸைக் கடுங்குளிருக்கு விட்டுவைக்கிற வழியும் இருக்கிறது. அதை அவன் ஏன் சொல்லப்போகிறான்?

ஒப்பிடுவதென்றால் காஸ் பில்லின் மொத்தத்தைக் கனமீற்றரால் பிரியுங்கள், ஹைட்ரோ பில்லின் மொத்தத்தை யூனிட்டால் பிரியுங்கள். பிறகு ஒரு கனமீற்றரின் விலையை, அதே வெப்பத்துக்கு வேண்டிய கரண்ட் யூனிட்டுகளின் விலையோடு வைத்துப் பாருங்கள். கரண்ட் பக்கத்தில் ஹீட் பம்ப் வாடகையையும் கூட்டுங்கள்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் நீங்களாகக் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து ஃபேர்னஸ், ஏசி, சுடுதண்ணி டாங்க் போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுத முடியாது. எழுதினால் செல்லாது. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். இப்படியான வாடகைச் சாமானுக்காக வீட்டு உறுதியில் பதிவு போட்டு, விற்கும்போது ஆயிரக்கணக்கில் கேட்கிற வேலையையும் 2024 ஜூனில் தடைசெய்துவிட்டார்கள்.

முதல் அழைப்பு அவர்களிடமிருந்து வந்தது என்பதற்குச் சித்தியின் போனில் பதிவு இருக்கிறது. அதை வைத்து மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு போட்டிருக்கிறோம். இதே மாதிரி மாட்டியவர்கள் போன் பதிவையும் அந்தக் கணக்குத் தாளையும் எறிந்துவிடாதீர்கள்.