மதர்போர்டை மாற்றாமலேயே 780 வெள்ளி வாங்கிய கடை: கணினி பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்கைத் தொட்டால் மட்டும் கணினி உறைந்துபோகிறது என்று கோலாலம்பூரில் யாராவது கடை தேடிக்கொண்டிருந்தால், கணினியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. புகார் கொடுத்தாகிவிட்டது, அது முடியட்டும்.

எங்கள் வீட்டு மேசைக் கணினியில் 2 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் ஒன்று எப்போதும் செருகியே இருக்கும். தங்கச்சி கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள், வீட்டுக்காரரின் வருமான வரிக் கணக்குகள் எல்லாம் அதில்தான். வீட்டு வைஃபையில் அதை ஷேர் செய்திருந்தோம். மகள் மாடியில் தன் மடிக்கணினியில் ஒரு வீடியோவைத் திறந்தால் போதும், கீழே மேசைக் கணினி அப்படியே நின்றுவிடும். எதைக் கிளிக் செய்தாலும் அசைவு இருக்காது. சில நேரம் ஒரு நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகும், சில நேரம் பொத்தானை அழுத்தி அணைக்கத்தான் வேண்டும். ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் நாள் முழுக்க ஒரு தொல்லையும் கிடையாது.

முகநூல் விளம்பரத்தில் நல்ல பெயரோடு தெரிந்த கடை. நம் ஆட்கள்தான். நடந்ததை வரி விடாமல் சொன்னேன். ஹார்ட்டிஸ்க்கையும் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

"அது வேணாங்கக்கா, வெளிச் சாமான். நீங்களே வச்சுக்குங்க. பிரச்சினை உள்ளதான் இருக்கு" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி, கணினியைத் திறக்கும் முன்பே.

மறுநாள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது: "மதர்போர்டு போயிருச்சுக்கா. மாத்தலைன்னா பவர் சப்ளையையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்." போர்டு 650, கூலியும் விண்டோஸ் மறுபடி போடுவதும் 130. மொத்தம் 780 வெள்ளி. ரசீதில் 'சர்வீஸ், பாகங்கள்' என்று ஒரே வரி. பழைய போர்டைக் கேட்டதற்கு, ரீசைக்கிளுக்குப் போட்டாச்சாம்.

வீட்டுக்கு வந்து ஹார்ட்டிஸ்க்கைச் செருகினோம், மகள் வீடியோவைத் திறந்தாள், கணினி நின்றது. போன் செய்தால், "அப்ப உங்க ரூட்டர்தான்கா கோளாறு. நம்மகிட்டயே நல்ல ரூட்டர் இருக்கு" என்று பதில். அந்தத் துணிச்சலுக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை, அது வரைக்கும் லாபம்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் சின்னண்ணன் விடுமுறைக்கு வந்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் முதலில் பார்த்தது கணினியை அல்ல, ஹார்ட்டிஸ்க்கின் கேபிள் எங்கே போகிறது என்பதைத்தான். அது ஒரு துளையைப் பலவாகப் பிரித்துத் தரும் மலிவான யூ.எஸ்.பி. ஹப்பில் செருகியிருந்தது. அதே ஹப்பில் வெப்கேம், மேசை விளக்கு, போன் சார்ஜர். ஹப்புக்குத் தனி மின் அடாப்டர் இல்லை, செருகியிருந்ததோ கணினியின் முன்பக்கத்து யூ.எஸ்.பி. 2.0 துளையில். அந்த வகைத் துளை தருவது 500 மில்லிஆம்பியர்தான். அதை அத்தனை சாமானும் பங்குபோட்டுக்கொள்கின்றன. உள்ளே தட்டு சுழலும் ஹார்ட்டிஸ்க் பெரிய கோப்பைத் தொடர்ந்து படிக்கும்போது மின்சாரம் போதாமல் துண்டித்துக்கொள்ளும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். விண்டோஸோ பதில் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். நமக்கு அது கணினி உறைந்த மாதிரித் தெரிகிறது.

சாட்சி கணினிக்குள்ளேயே இருந்தது. விண்டோஸில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று உண்டு. அதில் சிஸ்டம் பகுதியைத் திறந்தால், கணினி நின்ற நேரத்துக்கெல்லாம் 'டிஸ்க்' என்ற பெயரில் 153, 157 எண்ணுள்ள பதிவுகள் வரிசையாக இருந்தன. 153 என்றால் படிக்க முயன்று மறுபடி முயன்றது, 157 என்றால் ஹார்ட்டிஸ்க் திடீரென்று காணாமல் போனது. கணினி தெரிந்த எவரும் பார்க்கக்கூடிய இடம் இது.

கேபிளைப் பின்பக்கத்து நீலத் துளையில், அதாவது 900 மில்லிஆம்பியர் தரும் யூ.எஸ்.பி. 3.0 துளையில், நேராகச் செருகினார். பெரும்பாலும் சரியாகிவிட்டது. கல்யாண வீடியோ இருந்த ஒரு ஃபோல்டர் மட்டும் இன்னும் அடம்பிடித்தது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மஞ்சள் எச்சரிக்கை காட்டியது, படிக்க முடியாத செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகள், சில இருக்கின்றன என்று. அப்படி வந்தால், டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க் மாதிரி எதையும் ஓடவிடாமல், முதலில் முக்கியமான கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட வேண்டுமாம். பழுதான டிஸ்க்கைச் சரிசெய்கிறேன் என்று நாள் முழுக்கப் படிக்க வைத்தால் இருப்பதும் போய்விடலாம். நகலெடுத்தோம். ஒரு வீடியோ தவிர மற்றதெல்லாம் கிடைத்தது.

அப்புறம்தான் அண்ணன் கணினிப் பெட்டியைத் திறந்தார். போர்டில் ஒட்டியிருந்த சீரியல் எண், நாங்கள் வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியில் இருந்த அதே எண்! மாற்றவே இல்லை. பழைய போர்டை ஏன் காட்ட முடியவில்லை என்பது அப்போது புரிந்தது.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். விண்டோஸ் மறுபடி போட்டபோது ஷேரிங்கில் கடவுச்சொல் பாதுகாப்பை அணைத்துவிட்டு, கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்.எம்.பி. 1 என்ற பழைய முறையை இயக்கி வைத்திருக்கிறார்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்க மருத்துவமனைகளைக்கூட முடக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற வைரஸ் பரவியது அந்த எஸ்.எம்.பி. 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அதைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. அதைத் தேடிப்பிடித்து இயக்கியிருக்கிறார்கள், கேட்காமலேயே. கடையிலிருந்து வந்த கணினி என்றால், கண்ட்ரோல் பேனலில் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலைத் திறந்து எஸ்.எம்.பி. 1 வரியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கடைக்குப் பெட்டியும் போர்டும் சேர்ந்த படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

சரி என்று பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனேன். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்குவது. 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். முதலாம் பாரத்தோடு ரசீது, குரல் பதிவு, சீரியல் எண் படங்கள், ஈவென்ட் வியூவர் படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். கடையில் கொடுக்கும் முன் உங்கள் போர்டு, ரேம் இரண்டின் சீரியல் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அட்டைப் பெட்டி பரணில் கிடந்ததால் தப்பித்தோம்.

விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன். 780 வெள்ளியும் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் தீர்ப்பை இங்கேயே எழுதுகிறேன்.