ஜிபானுக்கு அடுத்து எது? 10ஜி, 25ஜி, 50ஜி: ஒரு கேபிள்காரர் கணக்கு

எங்கள் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் ஓஎல்டியில், அதாவது வீடுகளுக்கு ஃபைபர் இழையில் நெட் அனுப்பும் தாய்ப் பெட்டியில், 16 போர்ட். 15 நிரம்பிவிட்டது, பதினாறாவதும் இந்த மாதம் தாங்காது. "வாங்குறதே வாங்குறோம், பெருசா ஒண்ணா வாங்கிருவோம்ணே" என்றான் லைன் பார்க்கும் தம்பி. விசாரித்தால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் நொடிக்கு 10 ஜிகாபிட் தரும் 10ஜி எடுங்கள் என்றார். இன்னொருவர் 25ஜி இருக்கும்போது 10 எதற்கு என்றார். மூன்றாமவர், கொஞ்சம் பொறுங்கள் சார், 50ஜி வருகிறது என்றார். மூவரும் வேகத்தைப் பேசினார்கள். எங்கள் தொழிலில் சோறு போடுவது டிபி, அதாவது ஒளி வழியில் எவ்வளவு மங்குகிறது என்ற அளவு. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதலில் கையில் இருப்பதைப் பார்ப்போம். ஒரே ஃபைபர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறைக்குப் பான் என்று பெயர். அதில் ஜிபான், 2000-களின் தொடக்கத்தில் ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு வகுத்த தரம். இறக்கம் (டவுன்லோடு) 2.5 ஜிபிபிஎஸ், ஏற்றம் (அப்லோடு) 1.25. இறங்கும் ஒளி 1490 நேனோமீட்டர் அலைநீளத்தில், ஏறும் ஒளி 1310-இல், இரண்டும் ஒரே இழையில். நடுவில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும், மின்சாரமே தேவைப்படாத ஸ்ப்ளிட்டர். ஒரு போர்ட்டில் 32 வீடு என்றால், எல்லோரும் ஒரே நொடியில் இழுத்தால் ஆளுக்குச் சுமார் 78 எம்பிபிஎஸ். யாரும் அப்படி ஒரே நேரத்தில் இழுப்பதில்லை, அந்தத் தைரியத்தில்தான் 200 எம்பி பிளான் விற்கிறோம். கடிப்பது ஏற்றம்தான். 32 பேருக்குப் பிரித்தால் 39 எம்பிபிஎஸ். நகைக்கடை, மெடிக்கல், கல்யாண மண்டபம் என்று எல்லாரும் சிசிடிவியை கிளவுடில் ஏற்றத் தொடங்கிய பிறகு எனக்கு வரும் புகாரில் பாதி இந்த 39-ஐப் பற்றியதுதான்.

ஏற்றத்தில் எல்லா வீடும் ஒரே இழையைக் குழாயடி வரிசை மாதிரிப் பங்கிடுகின்றன. ஓஎல்டி முறை சொல்லும்போது மட்டும் அந்த வீட்டு மோடம் தன் லேசரை எரிக்க வேண்டும், மற்ற நேரம் அணைத்து வைக்க வேண்டும். போன ஐப்பசியில் ஒரு மழை இரவு, வோல்டேஜ் ஏறி இறங்கியதில் ஒரு டீக்கடை மோடம் லேசரை அணைக்க மறந்துவிட்டது. அந்த போர்ட்டில் இருந்த அத்தனை வீட்டிலும் இழை அறுந்தால் எரியும் ரெட் லைட் இல்லை, ஆனால் நெட்டும் இல்லை. ஸ்ப்ளிட்டர் பாக்ஸில் ஒவ்வொரு காலாகக் கழற்றி மாட்டி, அந்த டீக்கடையைப் பிடிப்பதற்குள் இரவு ஒரு மணி. பான் எந்தத் தலைமுறை ஆனாலும் ஏற்றம் இப்படி முறைவைத்துத்தான் நடக்கிறது. 50ஜி வாங்கினாலும் இந்த இரவு வேலை போகாது.

இப்போது டிபி கணக்கு. ஜிபானில் பரவலாக இருக்கும் பி-பிளஸ் வகை, ஓஎல்டிக்கும் வீட்டுக்கும் நடுவே 28 டிபி வரை இழப்பைத் தாங்கும். எங்கள் பக்கம் முதலில் ஒளியை எட்டாகப் பிரிக்கும் 1:8 ஸ்ப்ளிட்டர், தெருமுனையில் இன்னொரு 1:8. ஒவ்வொன்றும் பத்தரை டிபி தின்னும், ஆக 21. ஆறு கிலோமீட்டர் இழைக்குக் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 2.1. கனெக்டர் நாலுக்கு 1.2, இழையை உருக்கி ஒட்டிய ஸ்ப்ளைஸ் பத்துக்கு 1. மொத்தம் 25.3. மிச்சம் 2.7 டிபி. அணில் கடித்துப் போட்ட ஜாயிண்ட், டிராப் வயரை ஜன்னல் கம்பியில் மடக்கிக் கட்டிய மடிப்பு, பச்சை கனெக்டரை நீலத்தில் சொருகிய புண்ணியவான் எல்லாம் இந்த 2.7-க்குள் அடங்க வேண்டும். பச்சை முனை எட்டு டிகிரி சாய்வு, நீலம் நேர். இரண்டையும் மாட்டினால் நடுவில் காற்று இடைவெளி விழும், பவர் மீட்டர் அதை உடனே காட்டிக் கொடுக்கும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 10ஜி தரமான எக்ஸ்ஜிஎஸ்-பானைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கிறது. 2010-இல் வந்த எக்ஸ்ஜி-பான் இறக்கம் 10, ஏற்றம் 2.5 என்று ஒருக்களித்த தரம், பெரிதாக எடுபடவில்லை. 2016-இல் வந்த எக்ஸ்ஜிஎஸ் இரண்டு பக்கமும் 10. பிழை திருத்தத்துக்குப் போனது போகக் கையில் நிற்பது எட்டரை ஜிபிபிஎஸ் அளவுதான், ஆனாலும் சிசிடிவிக் கடைக்காரர் வாயை அடைக்க இது போதும். சாதாரண என்1 வகையே 29 டிபி தாங்கும். அதாவது ஜிபானுக்குப் போட்ட அதே இழை, அதே ஸ்ப்ளிட்டர், அதே ஜாயிண்ட் பாக்ஸ். தெருவில் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், இரண்டும் சேர்ந்து வாழும். எக்ஸ்ஜிஎஸ் 1577-இல் இறங்கி 1270-இல் ஏறுகிறது. ஜிபானின் 1490, 1310 இரண்டிலும் கை வைப்பதில்லை. ஓஎல்டி போர்ட்டில் சொருகும் லேசர் துண்டுக்கு எஸ்எஃப்பி என்று பெயர், அதில் காம்போ எஸ்எஃப்பி என்று ஒன்று கிடைக்கிறது. ஒரே போர்ட்டில் இரண்டு தலைமுறையும் உள்ளேயே கலந்து வரும், தனியாக ஒளி கலக்கும் பெட்டி வாங்க வேண்டியதில்லை. 32 வீட்டில் 29 பேர் பழைய மோடத்தில் இருக்கட்டும், காசு கொடுக்கிற மூன்று பேருக்கு மட்டும் புது மோடம் மாட்டலாம். இழையிலேயே 1550-இல் கேபிள் டிவியும் ஓட்டுகிறவர்கள் மட்டும் டிவி ரிசீவரின் ஃபில்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1577 பக்கத்து வீடுதான், மலிவான ஃபில்டர் அதை முழுதாகத் தடுக்காது.

ஜிபான் மாதிரியே இன்னொரு தரமான ஈபான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி. நம் ஆட்களில் பலர் விலை பார்த்து ஈபான் ஓஎல்டி போட்டவர்கள். ஈபான் மோடத்தின் லேசர் 1260 முதல் 1360 வரை எங்கு வேண்டுமானாலும் அலைய தரமே அனுமதி கொடுத்திருக்கிறது. எக்ஸ்ஜிஎஸ் ஏறும் 1270 அதற்குள்ளேயே வருகிறது. ஒரே இழையில் இரண்டையும் விட்டால் மோதலாம். அவர்களுக்கு நேர்வழி 2009-இல் வந்த 10ஜி-ஈபான். அதில் பழைய மோடமும் புதிய மோடமும் ஏற்றத்தில் நேரத்தைப் பங்கிட்டு ஒத்துப்போகும்.

எக்ஸ்ஜிஎஸ்ஸின் குறை, தெருவைத் தாண்டி வீட்டுக்குள் இருக்கிறது. மோடம் விலை ஜிபான் மோடத்தைவிடப் பல மடங்கு. 10ஜி வந்து இறங்கும் வீட்டில் சுவிட்ச் 1ஜி, லேப்டாப் 1ஜி, நடுவில் ஒன்பது அங்குலச் சுவர். வாடிக்கையாளர் கையில் வைத்துப் பார்ப்பது போனில் வரும் வைஃபை வேகத்தைத்தான். "பத்தாயிரம் எம்பின்னு சொன்னீங்க, நானூறுதான் காட்டுது" என்ற போனுக்குப் பதில் தயாராக வைத்துக்கொண்டு விற்கப் போங்கள்.

நடுவில் என்ஜி-பான்2 என்று ஒன்று இருந்ததைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நாலு அலைநீளம், ஒவ்வொன்றிலும் 10ஜி, மொத்தம் 40. காகிதத்தில் அழகு. ஒரு அலைநீளம் நிரம்பினால் வாடிக்கையாளரை அடுத்ததற்கு நகர்த்தலாம், பழுது வந்தாலும் நகர்த்தலாம். ஆனால் வீட்டு மோடத்தில் அலைநீளம் மாற்றும் லேசர் வேண்டும், அதன் விலை இறங்கவே இல்லை. அமெரிக்காவில் வெரைசன் இதன் மீது பந்தயம் கட்டியது, மற்ற பெரும்பாலோர் எக்ஸ்ஜிஎஸ் பக்கம் போய்விட்டார்கள். நமக்கு இது பாடம் மட்டுமே.

25ஜிஎஸ்-பான் கதை வேறு. ஐடியூ 10-க்கு அடுத்து நேராக 50 என்று முடிவு செய்தது, 25-ஐத் தரமாக எடுக்கவில்லை. அதனால் 2020-இல் நோக்கியாவும் இன்னும் பலரும் கூடித் தங்களுக்குள் ஓர் உடன்பாடு போட்டு இதைக் கொண்டுவந்தார்கள். வாதம் நியாயமானதுதான். டேட்டா சென்டர்களுக்காக 25ஜி லேசரும் ரிசீவரும் ஏற்கெனவே லட்சக்கணக்கில் தயாராகின்றன, அதையே தெருவுக்கும் பயன்படுத்தினால் என்ன? சாதாரணமாக எரித்து அணைக்கும் முறைதான், கனமான கணக்குச் சிப் தேவையில்லை. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரில் 2021-இல் ஓடிக் காட்டினார்கள். அமெரிக்காவில் சாட்டனூகா ஊரின் இபிபி 2022-இல் 25ஜி விற்கத் தொடங்கியது. இபிபி அந்த ஊரின் மின்வாரியம். கம்பமும் அவர்களுடையது, கேபிளும் அவர்களுடையது, போஸ்ட் வாடகைப் பஞ்சாயத்தே இல்லை. படித்ததும் எனக்கு 25ஜியைவிட இதில்தான் பொறாமை. கூகுள் ஃபைபரின் 20 கிக் சேவையும் நோக்கியாவின் இதே 25ஜி பான்தான்.

25ஜியில் என் தயக்கம் கூட்டத்தைப் பற்றியது. மோடம் விலை இறங்க வேண்டுமானால் கோடிக்கணக்கில் செய்ய வேண்டும், கோடிக்கணக்கில் வாங்குவது சீனா. சீனாவின் மூன்று பெரிய நிறுவனங்களும் ஹுவாவே, இசட்டிஇயும் 50 பக்கம் நிற்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, ஐடி கட்டடம் என்று பத்து இடத்துக்குத் தனிப் போர்ட் கொடுப்பவருக்கு 25 இன்றைக்கே கைக்கு எட்டும் தீர்வு. வீட்டுத் தெருவுக்கு நான் போடமாட்டேன்.

50ஜி-பான் தரம் 2021-இல் வந்தது. இறக்கம் 50. ஏற்றத்துக்கு 12.5, 25, 50 என்று மூன்று படி. இங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. இழையில் போகும் ஒளித் துடிப்பு தூரம் போகப் போகக் கரைந்து அகலமாகிறது. வேகம் ஐந்து மடங்கானால், அந்தக் கரைசலைத் தாங்கும் அளவு இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். எக்ஸ்ஜிஎஸ் இறங்கும் 1577-இல் 50ஜியை விட்டால் 20 கிலோமீட்டரில் குழம்பாகிவிடும். அதனால் இறக்கத்தை 1342-க்குக் கொண்டுபோனார்கள். நம் சாதாரண இழையில் கரைசல் பூச்சியமாகும் இடம் 1310 பக்கம், அதற்கு அருகில். அங்கேயும் போதாமல் ரிசீவருக்குள் டிஎஸ்பி என்ற கணக்குச் சிப் வைத்து, நூறு பிட்டில் ஒன்று தப்பாக வந்தாலும் திருத்திவிடும் எல்டிபிசி முறையைச் சேர்த்தார்கள். எக்ஸ்ஜிஎஸ் ஆயிரத்தில் ஒன்று வரைதான் பொறுக்கும். வேகம் ஏறியதில் போன டிபியை இப்படிக் கணக்குப் போட்டு மீட்கிறார்கள். மீட்கும் சிப் மின்சாரம் குடிக்கும், சூடாகும். மே மாதத்தில் ஷெட்டுக்குக் கீழே டிவி ஸ்டாண்டில் துணி போர்த்தி வைத்திருக்கும் மோடத்தை நினைத்துப் பாருங்கள்.

ஏற்றத்தில் இடநெருக்கடி. 1270 பக்கம் போனால் எக்ஸ்ஜிஎஸ்ஸோடு மோதும். 1300-க்குப் போனால் ஜிபானோடு மோதும். மூன்று தலைமுறையும் ஒரே இழையில் இருக்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவில் 1286 என்று ஒரு சந்து. நாலு நேனோமீட்டர் அகலம், அவ்வளவுதான். லேசர் சூட்டில் நகராமல் பிடித்து வைக்க மோடத்துக்குள்ளேயே குளிர்விப்பான் வேண்டும். அதுவும் விலைதான். ஆனாலும் வரப்போவது இதுதான் என்று நம்புகிறேன். 2025 ஜனவரியில் சீனாவின் தொழில்துறை அமைச்சகம் 50ஜி-பானை வைத்து குடியிருப்பு, தொழிற்சாலை, தொழிற்பேட்டைகளில் முன்னோட்டம் தொடங்கச் சொல்லி அறிவித்தது. அந்த அளவு சந்தை இறங்கினால் விலையும் இறங்கும், ஜிபானுக்கு நடந்தது அதுதானே.

கிராமப் பக்கம் இந்த ஒப்பீடே வேறு. ஊராட்சிகளுக்கு ஃபைபர் இழுக்க 2011-இல் ஒப்புதல் பெற்று பாரத்நெட்டாக மாறிய மத்திய அரசுத் திட்டம் ஜிபானை வைத்துத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான வேலை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்தின் கையில். அங்கே ஒரு ஜேசிபி பள்ளம் தோண்டினால் மரக்கிளை மாதிரி அதற்கு அப்பால் உள்ள அத்தனையும் போய்விடும். 2023-இல் ஒப்புதலான திருத்திய பாரத்நெட் வளைய அமைப்புக்கு மாறுவது அதனால்தான். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றி வரும். அந்த ஊராட்சிகளுக்கு 10ஜியா 50ஜியா என்பதைவிட இரண்டாவது வழி இருக்கிறதா, யுபிஎஸ்ஸில் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

என் முடிவு: காம்போ ஓஎல்டி ஒன்று, எட்டு போர்ட். எக்ஸ்ஜிஎஸ் மோடம் இப்போதைக்கு ஆறே ஆறு, சிசிடிவிக் கடைகளுக்கு. 50ஜி கார்டு பின்னால் சொருகத் தனி ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கிவிட்டேன். பெரிய ஓஎல்டிக்கென்று தம்பி மனதில் போட்டு வைத்திருந்த மிச்சத் தொகைக்கு இன்னொரு ஸ்ப்ளைசிங் மெஷினும், கனெக்டர் துடைக்கும் பேனா இருபதும் ஆர்டர் போட்டாயிற்று. அவனுக்கு முகமே இல்லை. வரும் திங்கட்கிழமை முதல், வந்து சேரும் ஒளி மைனஸ் 26-க்குக் கீழே மங்கி இருக்கும் வீடுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக ஜாயிண்ட் பாக்ஸைத் திறக்கப் போகிறோம்.