கிரானைட் ட்ரெய்லரும் ஃபிஃப்த் வீலும்: சேஸிஸ் கெடாமல் வண்டி ஓட்டிய அனுபவம்

கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத்தில் ட்ரெய்லர் வைத்து ஓட்டுபவர்கள், இழுவை வண்டியின் சேஸிஸில் விரிசல் கண்டால் உடனே பாரத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். குவாரியிலிருந்து கிரானைட் கல்லும், மாம்பழக் கூழ் ஆலைகளிலிருந்து கன்டெய்னரும் ஏற்றிப் பல ஆண்டுகளாக ஒரே வண்டியை ஓட்டி வரும் எனக்கு அது பாதி உண்மையாகவே தெரிகிறது. பாரம் எவ்வளவு என்பதோடு, அது ஃபிஃப்த் வீல் தட்டின் மேல் (ட்ரெய்லரின் முன்பகுதியைத் தாங்க இழுவை வண்டியின் பின்பக்கம் பொருத்திய தட்டு) எப்படி வந்து உட்காருகிறது, வளைவிலும் இறக்கத்திலும் எப்படி அசைகிறது என்பதும் சேஸிஸின் ஆயுளை முடிவு செய்கிறது. எங்கள் வண்டியின் சேஸிஸ் இன்றுவரை ஒரு பற்றவைப்பும் படாமல் இருப்பதற்குச் சில பழக்கங்களே காரணம் என்று நம்புவதால் அவற்றை எழுதுகிறேன்.

எங்களுடையது இரண்டு அச்சு இழுவை வண்டியும் மூன்று அச்சு ட்ரெய்லரும் சேர்ந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பார வரம்பை உயர்த்திய பிறகு, முன் அச்சுக்கு 7 டன், இழுவை வண்டியின் பின் அச்சுக்கு 11.5 டன், ட்ரெய்லரின் மூன்று அச்சுகளுக்கும் சேர்த்து 27 டன் என மொத்தம் 45.5 டன் வரை அனுமதி உண்டு. இழுவை வண்டியின் இரண்டு அச்சுகளுக்கும் உரிய 18.5 டன்னிலிருந்து அதன் சொந்த எடையை ஏறத்தாழ 7 டன் என்று கழித்தால், தட்டின் மேல் வரக்கூடியது 11.5 டன்னை ஒட்டித்தான். கிரானைட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன் என்பதால் கல்லை அளந்தாலே எடை தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கல் ட்ரெய்லரில் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. கிங் பின்னுக்கும் (ட்ரெய்லரின் முன்பகுதிக்கு அடியில் நீட்டிக்கொண்டு, ஃபிஃப்த் வீலின் பூட்டில் மாட்டும் இரும்பு முளை) ட்ரெய்லர் அச்சுகளின் நடுவுக்கும் 8 மீட்டர் உள்ள வண்டியில், 20 டன் கல்லை ஒரு மீட்டர் முன்னால் வைத்துவிட்டால் தட்டின் மேல் 2.5 டன் கூடிவிடும். எடை மேடையில் மொத்த எடை சரியாகவே காட்டும், பின் அச்சும், ஃபிஃப்த் வீலைத் தாங்கச் சேஸிஸின் மேல் பொருத்திய துணைச் சட்டமான சப் ஃப்ரேமும் மட்டும் அந்த மிகையைச் சுமக்கும். ஆகவே ட்ரெய்லரின் பக்கச் சட்டத்தில் பெயிண்ட்டால் ஒரு குறி போட்டு, கல்லின் நடுப்பகுதி அதற்கு நேராக வரும்படி இறக்கச் சொல்கிறோம். கிரேன்காரர் முதலில் முணுமுணுப்பார். இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்தது, வண்டியை ட்ரெய்லருக்கு அடியில் பின்னால் எடுத்துக் கோக்கும் நேரம். சேஸிஸுக்கு அதிக அடி விழுவது நெடுஞ்சாலையில் அல்ல, யார்டில் இந்தச் சில விநாடிகளில்தான் என்பது என் கருத்து. ட்ரெய்லரின் அடித்தகடு ஃபிஃப்த் வீல் தட்டின் மட்டத்திலோ, அதைவிட அதிகபட்சம் 50 மில்லிமீட்டர் தாழ்ந்தோ இருக்க வேண்டும். அப்போதுதான் தட்டு மெல்ல ட்ரெய்லரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். ட்ரெய்லர் மிகவும் தாழ்ந்திருந்தால் தட்டின் விளிம்பும் சேஸிஸின் பின்முனையும் நேராகப் போய் மோதும். உயர்ந்திருந்தால் கிங் பின் பூட்டின் மேலேயே நின்றுவிடும், அல்லது தட்டைத் தாண்டிப் போய் கேபினின் முதுகைக் குத்தும். கழற்றிய ட்ரெய்லரின் முன்பகுதியைத் தாங்கும் ஊன்றுகாலை மண்ணில் நேரடியாக ஊன்றி நிறுத்தினால் மழைக்குப் பின் ஒரு பக்கம் புதைந்து உயரம் மாறிவிடும் என்பதால், காலுக்கு அடியில் கனமான பலகை போடுவது எங்கள் வழக்கம். கோத்து முடித்ததும் ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி முதல் கியரில் மெதுவாக ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, டார்ச் அடித்து, தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் ஊடுருவாததையும் பூட்டின் தாடை கிங் பின்னைச் சுற்றி மூடியிருப்பதையும் ஓட்டுநர் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊன்றுகாலை ஏற்றுகிறோம்.

கிரீஸ் விஷயத்தில் இந்த ஊருக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. குவாரியிலும் பாலிஷ் பட்டறைகளைச் சுற்றியும் பறக்கும் கல்தூசி, கிரீஸோடு கலந்து தட்டின் மேல் சாம்பல் நிறக் களிம்பாகப் படிந்துவிடுகிறது. விரலால் தொட்டுத் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அந்தக் களிம்பின் மேலேயே புது கிரீஸைப் பூசுவது, அம்மிக்கும் குழவிக்கும் நடுவே மணலைப் போட்டு அரைப்பதற்குச் சமம். ட்ரெய்லரைக் கழற்றும்போதெல்லாம் பழைய கிரீஸை முழுவதும் சுரண்டி, டீசல் நனைத்த துணியால் தட்டு, தாடை, கிங் பின் மூன்றையும் துடைத்த பிறகே, அதிக அழுத்தம் தாங்கும் லித்தியம் கிரீஸைப் புதிதாக வைக்கிறோம். தட்டு வறண்டுவிட்டால் ட்ரெய்லர் எளிதில் திரும்பாது. ஸ்டீயரிங் கனக்கும், திருப்பும் விசை முழுவதும் சப் ஃப்ரேம் வழியாகச் சேஸிஸை முறுக்கும். எங்கள் ஓட்டுநர் பர்கூர் அருகே ஒரு வளைவில் வரும்போதே, “தட்டு வறண்டிருச்சுங்கண்ணே, திருப்பினா கீழே முனகுது” என்று போனில் சொல்லிவிடுவார். அந்த முனகலைக் காதில் வாங்கும் ஓட்டுநர் கிடைப்பது உரிமையாளருக்குப் பெரிய பாக்கியம்.

கிரீஸுக்குப் பதிலாகக் கிங் பின்னில் மாட்டும் பிளாஸ்டிக் வட்டத் தகட்டையும் சில காலம் பயன்படுத்திப் பார்த்தோம். தூசி ஒட்டுவது உண்மையிலேயே குறைந்தது, நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு அது நல்லது. ஆனால் அந்தத் தகட்டின் கனம் ட்ரெய்லரை அந்த அளவுக்குத் தூக்கிவிடுவதால், பூட்டின் தாடை கிங் பின்னின் பள்ளத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குவாரி வேலைக்கு நாங்கள் கிரீஸுக்கே திரும்பிவிட்டோம்.

சேஸிஸில் தப்பான இடத்தில் துளையிடுவதும் பற்றவைப்பதும்தான் நான் கண்ட மிக மோசமான பழக்கங்கள். பக்கச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடக்கூடாது. தயாரிப்பாளர் அனுமதித்த இடத்தில், நடுச்சுவரில் (இரு விளிம்புகளுக்கும் இடையிலான செங்குத்துப் பகுதியில்) மட்டுமே போட வேண்டும். பற்றவைத்த சூட்டில் அந்த இடத்து இரும்பின் வலு மாறிவிடுகிறது, விரிசல் பெரும்பாலும் பற்றவைப்பின் ஓரத்திலிருந்தே கிளம்புகிறது. தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் ஆடிக்கொண்டிருந்த ஃபிஃப்த் வீலை நிறுத்துவதற்காக ஒரு பட்டறையில் சேஸிஸோடு சேர்த்தே தகடு பற்றவைத்துக் கொடுத்தார்கள், அடுத்த மழைக்காலத்துக்குள் அதன் பக்கத்திலேயே சட்டம் பிளந்தது. பிரேக் பிடிக்கும்போது வரும் தள்ளலைத் தாங்கும் தடுப்புக் கட்டைகளை, ஃபிஃப்த் வீலைப் பொருத்தும் தகட்டிலோ சப் ஃப்ரேமிலோ மட்டுமே வைக்க வேண்டும். சப் ஃப்ரேமின் முன்முனையும் சட்டென்று முடியாமல் சரிவாகச் சீவப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேஸிஸ் வளையும்போது அழுத்தம் அந்த ஒரே கோட்டில் வந்து குவியும். ட்ரெய்லரில் பற்றவைக்க வேண்டியிருந்தால்கூட இழுவை வண்டியைக் கழற்றி அப்பால் நிறுத்திவிடுவது நல்லது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் மின்னணுக் கருவிகள் மிகுதி. அவை வெல்டிங் மின்சாரத்தைத் தாங்காது.

ஃபிஃப்த் வீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கியபின், ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுகிறோம். கோடு விலகியிருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது என்று பொருள். அதைவிட நுட்பமான அடையாளம், போல்ட்டைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மாவு போல வழிந்திருக்கும் துரு. இரண்டு தகடுகள் கண்ணுக்குத் தெரியாமல் உரசிக்கொள்ளும் இடத்தில் மட்டும்தான் அது வரும். அதைக் கண்டால் அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் அந்த இடத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

ஃபிஃப்த் வீல் தட்டு முன்னும் பின்னும் நன்றாகச் சாயும், பக்கவாட்டில் மிகக் கொஞ்சமே சாயும். குவாரியிலிருந்து ஏறி வரும் மண்பாதையில் இழுவை வண்டி ஒரு பக்கமும் கல் ஏற்றிய ட்ரெய்லர் மறுபக்கமும் சாய்ந்தால், அந்த முறுக்கு முழுவதும் சேஸிஸுக்குப் போகிறது. பாதையின் வாயிலில் உள்ள மேட்டைக் குறுக்காக ஏறாமல் நேராக ஏறுவதற்கு இதுவே காரணம். மேட்டின் உச்சியைக் கடக்கும்போது ட்ரெய்லரின் அடிச்சட்டம் இழுவை வண்டியின் பின்முனையிலோ மட்கார்டிலோ இடிக்கிறதா என்பதையும், முழுவதும் திருப்பும்போது ட்ரெய்லரின் முன்மூலை கேபினுக்கு எவ்வளவு நெருங்குகிறது என்பதையும், காலி வண்டியாக இருக்கும்போதே ஒருவரைக் கீழே நிற்கவைத்துப் பார்த்துவிட வேண்டும். பெயிண்ட் தேய்ந்து பளபளக்கும் இடம் இருந்தால் அங்கே இடிக்கிறது.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது வேறொரு சோதனை. ட்ரெய்லரின் பிரேக் தளர்ந்திருந்தால் அதன் எடை முழுவதும் கிங் பின் வழியாக இழுவை வண்டியைத் தள்ளும். பூட்டிலும் தளர்வு இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ‘டக்’கென்று ஓர் அடி விழும், அந்த அடியை வாங்குவது போல்ட்டுகள்தான். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கில் (எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் பிரேக்) இறங்குவது உயிருக்கும் நல்லது, சேஸிஸுக்கும் நல்லது. அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் பூட்டைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு, கிங் பின்னையும் காலிப்பரால் அளக்கிறோம். 2 அங்குலக் கிங் பின் புதிதில் பூட்டு பிடிக்கும் இடத்தில் 50.8 மில்லிமீட்டர் இருக்கும், 49 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். தேய்மானம் பெரும்பாலும் முன்னும் பின்னுமே விழுவதால், குறுக்கே மட்டும் அளந்தால் உண்மை தெரியாது.

பழைய இழுவை வண்டி வாங்க நினைப்பவர்கள் எஞ்சினைக் கேட்பதற்கு முன் ஃபிஃப்த் வீல் தட்டைத் துடைக்கச் சொல்லிப் பாருங்கள். ஆழமான கீறல்களும், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த விளிம்பும், சப் ஃப்ரேமின் முன்முனைக்கு அருகே புதுப் பெயிண்ட்டும் இருந்தால், அந்தப் பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்க்க விற்பவர் சம்மதித்த பிறகு விலையைப் பேசுங்கள்.