சமூக அறிவியல் ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. அதற்காக ஒரு பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தேன். படிப்பை முடித்தேன், சான்றிதழ் வந்தது, வேலையும் கிடைத்தது. ஆனாலும் நான் ஏமாற்றப்பட்டேன். அந்தச் சான்றிதழ் சொல்லும் பயிற்சியில் கால்வாசிகூட எனக்குக் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால், பெயர் இல்லாமலே நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

சேர்க்கையின்போது சொன்னது இது: 12 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி, வாரத்துக்கு ஒரு முறையாவது எங்கள் பாட விரிவுரையாளர் வகுப்பில் அமர்ந்து உற்றுநோக்குவார், வகுப்பு முடிந்ததும் குறைநிறைகளைச் சொல்வார். எல்லாம் வாய்ச்சொல். எழுத்தில் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நடந்தது வேறு. பள்ளிக்கு எங்களை அனுப்பியது 11 நாள்தான். அதில் நான் பாடம் எடுத்தது 4 பாடவேளை. மற்ற நேரமெல்லாம் விடைத்தாள்களில் மதிப்பெண் கூட்டல் சரிபார்த்தேன், ஆசிரியர் வராத வகுப்புகளில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டேன். உற்றுநோக்க வந்தவர் ஒரே ஒரு முறை வந்தார். அவரும் கணித விரிவுரையாளர். பத்து நிமிடம் கடைசி பெஞ்சில் இருந்துவிட்டு, நான் கரும்பலகையில் தேதி எழுதாததை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பாட விரிவுரையாளர் ஏன் வரவில்லை என்று அலுவலகத்தில் கேட்டேன். “சோஷியல்தானே, யார் பார்த்தால் என்ன?” என்றார்கள். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கு துறைகளை ஒரே ஆசிரியர் சுமக்க வேண்டிய பாடம் இது. நான் வரலாறு படித்தவள். நிலவரைபடத்தை எப்படிக் கற்பிப்பது என்று எனக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்தே ஆகவேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி, எடுத்த பாடங்களைப் பதிவு செய்யும் ரெக்கார்டு நோட்டு விஷயம். படிப்பு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஆளுக்கு ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். வகுப்பு, பாடத்தலைப்பு, தேதி எல்லாம் வெற்றிடம். அடியில் மதிப்பீட்டாளரின் கையெழுத்து மட்டும் பச்சை மையில் முன்பே போடப்பட்டிருந்தது. முந்தைய ஆண்டு மாணவி ஒருவரின் நோட்டைக் கொடுத்து, தேதியை மாற்றி 40 பாடங்களையும் அப்படியே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எழுதாவிட்டால் தேர்வுக்கு அனுமதி இல்லை என்றார்கள். “முதல் உலகப் போரின் காரணங்கள்” என்ற பாடத்துக்கு நான் போட்ட தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாருமே கவனிக்கவில்லை. நடக்காத அந்த வகுப்புக்கு “கரும்பலகைப் பயன்பாடு நன்று, மாணவர் பங்கேற்பு மிக நன்று” என்ற குறிப்பையும் என் கையாலேயே பார்த்து எழுதினேன்.

நுண்ணிலைக் கற்பித்தலும் இதே கதிதான். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறை அது. ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவுக்கு, ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு கற்பிக்க வேண்டும். உதாரணத்துக்கு, மாணவர் சொன்ன பதிலிலிருந்தே மேலும் கேள்வி எழுப்பும் கிளறிக் கேட்கும் திறன். பார்த்தவர்கள் கருத்துச் சொல்வார்கள். பாடக்குறிப்பைத் திருத்தி மறுபடியும் கற்பிக்க வேண்டும். அந்த “மறுபடியும்” என்பதில்தான் முறையின் உயிரே இருக்கிறது. எங்களுக்கு அதன் வரையறையைச் சொல்லி எழுதவைத்தார்கள், தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். கல்வி நோக்கங்களை எளியதிலிருந்து கடினமானதுவரை அடுக்கி அமெரிக்கக் கல்வியியலாளர் புளூமின் குழுவினர் 1956இல் வெளியிட்ட ஆறு படிகளையும் அதே போல ஒப்பித்தோம். 2001இல் அது திருத்தப்பட்டு, உச்சிப் படியாகப் “படைத்தல்” வந்தது என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகே தெரிந்துகொண்டேன். கொடுத்த நோட்ஸ் அவ்வளவு பழையது.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் என் முதல் ஆண்டுப் பிள்ளைகள். உலக வரைபடத்தை மாட்டிக் கண்டங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுந்து, “டீச்சர், கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கிறதே, அதை மட்டும் ஏன் கண்டம் என்று சொல்வதில்லை?” என்று கேட்டாள். “அது தீவு, உட்கார்” என்றேன். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். சுவரில் மாட்டியிருந்தது மெர்கேட்டர் வரைபடம். 1569இல் கடலோடிகளுக்காக வரையப்பட்ட முறை. திசைகாட்டியின் திசை மாறாமல் கப்பல் செலுத்தும் பாதை அதில் நேர்க்கோடாக வரும். அதற்குக் கொடுத்த விலை, துருவங்களை நெருங்க நெருங்க நிலம் ஊதிப்போவது. 60 பாகை அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. நேற்றுச் சொன்னது பதிலே அல்ல என்று மறுநாள் வகுப்பில் ஒப்புக்கொண்டேன். பிறகு உலக உருண்டையின் மேல் டிரேசிங் தாளை வைத்துக் கிரீன்லாந்தை வரைந்து, அந்தத் தாளை ஆப்பிரிக்காவின் மேல் நகர்த்திக் காட்டினேன். ஒரு மூலையில் அடங்கிவிட்டது. வகுப்பே எழுந்து வந்து பார்த்தது. இது எந்தப் பயிற்சியிலும் அரை மணி நேரத்தில் சொல்லித் தந்திருக்கக்கூடிய விஷயம்.

முதல் உலகப் போர்ப் பாடத்திலும் அப்படித்தான் தடுமாறினேன். “ஒருவரைச் சுட்டதற்கு உலகமே ஏன் சண்டைக்குப் போனது?” என்று ஒரு பையன் கேட்டான். பாடநூலில் இருந்த காரணங்களை வாசித்தேன். அவன் முகம் தெளியவில்லை. அதே பள்ளியில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் மூத்த ஆசிரியர் ஒருவர்தான் வழிகாட்டினார். தேதிகளைச் சீட்டுகளில் எழுதச் சொன்னார்: 1914 ஜூன் 28, சரயேவோ நகரில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் கொலை. ஜூலை 28, செர்பியா மீது ஆஸ்திரியா-ஹங்கேரி போர் அறிவிப்பு. ஆகஸ்டு 1, ரஷ்யா மீது ஜெர்மனி. ஆகஸ்டு 3, பிரான்ஸ் மீது ஜெர்மனி. ஆகஸ்டு 4, ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைகிறது, பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவிக்கிறது. சீட்டுகளைக் கலைத்துப் பிள்ளைகளிடம் அடுக்கக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் “இங்கே யாராவது நிறுத்தியிருக்க முடியுமா?” என்று கேள் என்றார். கொலைக்கும் முதல் போர் அறிவிப்புக்கும் இடையே ஒரு முழு மாதம் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பிறகு அந்த மாதம் முழுவதும் என்ன பேசினார்கள் என்று அவர்களே கேட்கத் தொடங்கினார்கள். அவர் என் வகுப்புகளில் வந்து அமர்ந்து, குறித்துக்கொண்டு, மாலையில் பேசினார். அந்த நிறுவனத்துக்கு நான் பணம் கட்டியது இதற்காகத்தான்.

ஆகவே, சேரும் முன் கேளுங்கள். எத்தனை நாள் பள்ளியில் இருப்பேன், எத்தனை பாடவேளை நானே எடுப்பேன், எந்தப் பள்ளி, யார் உற்றுநோக்குவார், அவருடைய பாடம் என்ன? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சென்ற ஆண்டு முடித்தவர்கள் இருவரை நீங்களே தேடிப் பிடித்துத் தனியாகப் பேசுங்கள். நிறுவனம் காட்டும் ஆட்களை நம்ப வேண்டாம். அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அவர்களுடைய விளம்பரத்தில் பார்க்காமல், அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் பட்டியலில் பாருங்கள். உங்கள் பட்டப்படிப்பை வைத்துச் சமூக அறிவியல் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். என்னுடன் படித்த ஒருவர் பொருளியல் பட்டதாரி. அந்தப் பட்டம் இந்தப் பணிக்குப் பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்தபோது படிப்பே முடிந்திருந்தது. சேர்க்கையின்போது “எல்லாம் பொருந்தும்” என்றவர்களே, “நீங்கள் விசாரித்திருக்க வேண்டும்” என்று கை விரித்தார்கள்.

கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி நானும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒரு மாதம் கழித்து பதில் வந்தது. 40 பாடங்களும் நடந்ததற்கான பதிவேடு முழுமையாக இருக்கிறது, ஒவ்வொரு தாளிலும் பயிற்சி மாணவரின் கையொப்பமும் இருக்கிறது என்று எழுதி, நகலையும் இணைத்திருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளும் அதில் இருந்தது. வெற்றுத் தாளை நீட்டினால், தேர்வுக்கு விடமாட்டோம் என்று மிரட்டினாலும், கையெழுத்துப் போடாதீர்கள். அன்றே நகல் எடுத்து, அங்கீகாரம் வழங்கிய அமைப்புக்கு அனுப்புங்கள். நான் இப்போதுதான் அனுப்பியிருக்கிறேன்.